மாமா ஏன் செருப்புகளைக் கலைத்துப் போடுவார்

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். தீயணைப்பு நிலையங்களில் அன்று நீத்தார் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பாளர்கள் இறந்துபோனார்கள். அந்த நினைவில்தான் நாடு முழுக்க இந்த நாள். என் தாய்மாமா முப்பது வருடத்துக்கும் மேல் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருடப்பிறப்பன்றும் ஸ்டேஷனில் மலர்வளையம் வைக்கும்போது கூட நின்றுவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து மாங்காய்ப் பச்சடியில் கை வைப்பார்.

இறந்தவர்களை நினைக்க ஒரு நாள் வைத்திருப்பது நல்லது. ஆனால் உயிரோடு திரும்பி வந்து, மறுநாளும் மணி அடித்தவுடன் வண்டியில் ஏறுகிறவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை, ஒரே வீட்டில் வளர்ந்தும்.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாக இருந்தால் பொறுக்காது, காலால் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அத்தை பெருக்கி அடுக்கி வைப்பார், இவர் கலைப்பார், இதற்காக வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. முன்கோபம் என்று நினைத்துக்கொண்டோம். ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, ஒரு ராத்திரி கரண்ட் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். மே மாத விடுமுறை, தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போன இரண்டு பையன்கள். வண்டி போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் சட்டை இரண்டும் மடித்து வைத்திருந்ததாம், பக்கத்தில் இரண்டு ஜோடி செருப்பு, வரிசையாக. கயிற்றில் கட்டி இறக்குகிற கொக்கிக் கொத்தான பாதாளக் கொலுசைப் போட்டுத் துழாவியதும், முதல் பையனைத் தூக்கி மேலே கொடுத்ததும் மாமாதான். அன்று சாயங்காலமே இன்னொரு அழைப்பு வந்தது, வைக்கோல் படப்பில் தீ. போய்விட்டார்கள்.

அவ்வளவுதான் சொன்னார். நடந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

தீயணைப்பு வேலை என்றால் நம் கண் முன்னால் தீ மட்டும்தான் வருகிறது. தமிழ்நாட்டில் அவர்கள் போவது கிணற்றில் விழுந்த மாட்டுக்கு, வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கு, லாரிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் காரை அறுக்க, வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்க, ஏரியில் போனவரின் உடலை எடுக்க. துறையின் பெயரிலேயே மீட்புப் பணிகள் இருக்கிறது. இந்த மீட்பில் பல நேரம் மீட்க உயிர் இருக்காது, அதை வெளியே நிற்கிற கூட்டத்துக்குத் தெரியும் முன்பே கயிற்றில் இறங்குகிறவர் தெரிந்துகொள்கிறார், பிறகு மேலே ஏறி வந்து அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். 108 ஆம்புலன்சில் பைலட் எனப்படும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் இதையேதான் சுமக்கிறார்கள், அவர்களுக்கு உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே கைக்கு வருகிறது.

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அந்தப் பள்ளிக்குள் போனவர்களும் யாரோ சிலரின் அப்பாக்கள்தானே. 2019 தீபாவளி நேரத்தில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக 80 மணி நேரத்துக்கும் மேல் போராடினார்கள். நாம் டிவியில் நேரலை பார்த்தோம், விளக்கேற்றினோம், அழுதோம், அப்புறம் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். அங்கே இரவு பகலாக நின்றவர்களில் எத்தனை பேருக்கு அதன் பிறகு தீபாவளி தீபாவளியாக இருக்கிறது?

எனக்கு ஒரு சொல்லின் மேல் வருத்தம். தீயணைப்பு வீரர். அன்பில்தான் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வீரர் என்று கூப்பிட்டுவிட்டால் அவர் எப்படி "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று சொல்வார்? சொன்னால் பக்கத்தில் இருப்பவன், "இதுக்கே இப்படின்னா எப்படிண்ணே" என்பான். ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பான், அதுதான் அவனுக்குத் தெரிந்த ஆறுதல். பலருக்கு அது அங்கேயிருந்துதான் பழக்கமாகிறது, அப்புறம் ஊர் அவரைக் குடிகாரன் என்று மட்டும் சொல்லும்.

எல்லாரும் உடைந்துபோகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் சில நாள் தூங்காமல், சாப்பாடு இறங்காமல் இருந்து, மெல்ல மெல்லச் சரியாகிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தால், ஒரு வாசனைக்கோ சத்தத்துக்கோ உடம்பு தூக்கிவாரிப் போட்டால், அந்த ரோட்டில் போகவே மறுத்துச் சுற்றிப் போனால், பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநோய்க்குப் பி.டி.எஸ்.டி. என்று 1980-லேயே மருத்துவ உலகம் பெயர் வைத்துவிட்டது. சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

உதவுகிறேன் என்று தப்பாகச் செய்வதும் உண்டு. சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து, என்ன பார்த்தாய், என்ன உணர்ந்தாய் என்று ஒரே அமர்வில் கொட்டச் சொல்வது ஒரு காலத்தில் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. அது பயன் தரவில்லை, சிலருக்கு இன்னும் மோசமாகக்கூட ஆகலாம் என்று தெரிந்த பிறகு, உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்றுவிட்டது. அதற்குப் பதில் அவர்கள் சொல்கிற உளவியல் முதலுதவி மிக எளிமையானது. தண்ணீர் கொடு, உட்காரவை, பேச வந்தால் கேள், பேசாவிட்டால் தோண்டாதே, வீட்டோடு தொடர்பு ஏற்படுத்திக்கொடு, தேவைப்பட்டால் சரியான ஆளிடம் கொண்டு சேர். நம் ஊர்ச் சாவு வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர்கள் செய்வதும் இதைத்தான்.

மனத்திடம் என்பதை அந்த ஆளின் நெஞ்சுக்குள் மட்டும் தேடுவது அநியாயம் என்று நினைக்கிறேன். அது ஸ்டேஷன் எப்படி நடக்கிறது என்பதில் இருக்கிறது. குழந்தையின் உடலை எடுத்தவரை அன்றே அடுத்த அழைப்புக்கு அனுப்பாமல் இருக்க ஆள் இருக்கிறதா? நிலைய அலுவலர் இரண்டு வாரம் கழித்து, "என்னப்பா, தூங்குறியா?" என்று கேட்கிறாரா? லீவு கேட்டால் காரணம் எழுதச் சொல்லி அவமானப்படுத்தாமல் தருகிறார்களா? நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று ஒரே நாளில் 343 தீயணைப்பாளர்களை இழந்த துறை, சக தீயணைப்பாளர்களுக்கே பயிற்சி கொடுத்து ஒருவர் மற்றவருக்குத் துணையாக இருக்கவைத்தது. வெள்ளைக் கோட்டு டாக்டரிடம் வாய் திறக்காதவர், தன்னோடு ஹோஸ் பிடித்தவரிடம் திறப்பார். மாமா மாதிரி ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால் 14416 என்ற எண்ணைக் குறித்துக் கொடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அவர் பேசமாட்டார் என்றால், அவரை எப்படிக் கவனிப்பது என்று கேட்க நீங்களே கூப்பிடலாம்.

இதைப் போடுவதற்கு முன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். செருப்பு விஷயம் இருக்கட்டும் என்றார். பிறகு, "அந்த ஊர்ப் பேரை மட்டும் எடுத்துடுப்பா, அந்தப் பசங்களோட அம்மாங்க இன்னும் இருப்பாங்க" என்றார். எடுத்துவிட்டேன்.