‘கேள்வி என்றால் டிட் போடு’ என்பது பாதி விதிதான்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளின் ஆங்கிலப் பயிற்சி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். “ஹூ டிட் கால்ட் யூ?”, “வாட் டிட் ஹேப்பன்ட்?” என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் வாங்கிய வரிகள் கண்ணில் படும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ‘கேள்வி என்றால் டிட் போடு’ என்ற பாதி விதியைச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். மீதிப் பாதி அவர்கள் பேசும் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழில் வாய் திறக்கக் கூடாதாம்!

ரவியை யார் கூப்பிட்டது? மீனா யாரைக் கூப்பிட்டாள்? இரண்டுக்கும் நடுவே நிற்பது ‘யாரை’யில் இருக்கும் அந்த ‘ஐ’ தான். ‘யார்’ என்றால் டிட் தேவையில்லை: ஹூ கால்ட் ரவி? ‘யாரை’ என்றால் தேவை: ஹூ டிட் மீனா கால்? தமிழில் வேற்றுமை உருபு பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் சொல்வரிசை பார்க்கிறது. மலாயில் யார் என்பதற்கான ‘சியாப்பா’ எந்த உருபும் ஏற்காமல் அப்படியே நிற்கும். நம் கோப்பிக் கடை ஆங்கிலத்தின் “யூ கால் ஹூ?”வும் அதே சாயல்தான். கடையில் அது செல்லும், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுத் தாளில் செல்லாது.

‘என்ன’ கொஞ்சம் ஏமாற்றும், அதில் உருபு தெரியாது. அதை எது, எதை என்று மாற்றிப் பாருங்கள். என்ன நடந்தது என்றால் எது நடந்தது: வாட் ஹேப்பன்ட்? என்ன வாங்கினாய் என்றால் எதை வாங்கினாய்: வாட் டிட் யூ பை?

இதைவிடப் பெரிய பொறி ‘யாருக்கு’. யாருக்கு டுரியான் பிடிக்கும் என்பதில் ‘கு’ இருக்கிறதே என்று, டிட்டின் நிகழ்கால வடிவங்களான டூ, டஸ் தேடக் கூடாது. ஆங்கிலத்தில் அவர்தான் எழுவாய்: ஹூ லைக்ஸ் டுரியான்? இங்கே உருபை நம்பாமல் விரலை நம்புங்கள். “மீனா கால்ட் ரவி” என்று பதிலை முதலில் எழுதுங்கள். வினைக்கு முன்னால் இருக்கும் பெயரை விரலால் மறைத்தால், அந்த இடத்தில் ஹூ போட்டால் போதும், வேறெதையும் தொட வேண்டாம். பின்னால் இருப்பதை மறைத்தால் ஹூ முன்னால் ஓடிவிடும், ‘கால்ட்’ டிட், கால் என்று இரண்டாக உடையும். இறந்த காலத்தை டிட் எடுத்துக்கொண்டதால் வினை வெறும் ‘கால்’ ஆகிவிடுகிறது. “டிட் கால்ட்” தவறாவது இதனால்தான்.

இன்னொன்று: இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று தமிழில் பன்மையில் கேட்கும் பழக்கத்தில் “ஹூ லிவ் ஹியர்?” என்று எழுதுவார்கள். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் “ஹூ லிவ்ஸ் ஹியர்?” தான். ‘நாட்’ சேர்ந்தால் மட்டும், ‘யார்’ என்று எழுவாயைக் கேட்கும் கேள்வியிலும் டிட் வரும்: ஹூ டிடன்ட் கம்? டிட் துணை இல்லாமல் ‘நாட்’ அங்கே நிற்காது.