அந்தக் கிழங்கை அம்ச்சிகளுக்கு விட்டுவிடுங்கள்

'சாலம் பஞ்சா' என்ற மலைக் கிழங்கை ஆண்மை மருந்து என்று விற்கும் அந்த வீடியோவை தயவுசெய்து இனி எனக்கு அனுப்பாதீர்கள். அதற்குக் கீழே மரியாதையாகத்தான் பதில் எழுதினேன், நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சாலம் பஞ்சா என்பது டாக்டிலோரைசா ஹடகிரியா என்ற ஆர்க்கிட் வகைப் பூச்செடி. இமயமலையில் 2,500 மீட்டருக்கு மேலே புல்வெளிகளில் தானாக முளைப்பது. கிழங்கு விரல் விரித்த கை மாதிரி இருக்கும். திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவில், நோயில் மெலிந்தவர் உடம்பு தேறவும் விந்து வளத்துக்கும் கொடுக்கிறார்கள். மலைக் கிராமங்களில் வெட்டுக்காயத்துக்குப் பொடியாகத் தூவுவார்கள். இத்தனையும் இருக்க, ஆண்மை ஒன்றுதான் உங்கள் கண்ணில் பட்டதா?

கிழங்கைத் தோண்டினால் செடி போச்சு. அடுத்த வருடம் முளைக்க வேண்டியதும் அந்தக் கிழங்கிலிருந்துதான். விதையில் வருமே என்பீர்கள். விதை தூசி மாதிரி, உள்ளே உணவே கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும், பூக்கப் பல வருடங்கள் ஆகும். நேபாளத்தில் இதைத் தோண்டவும் விற்கவும் தடை. ஆர்க்கிட் என்பதால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் காக்கிறது. அப்படிப்பட்டதைத்தான் 'ஸ்டாக் உள்ளவரை' என்று விற்கிறார்கள்.

லடாக் போயிருந்தபோது ஒரு அம்ச்சியிடம் அழைத்துப் போனார்கள். அங்கே வைத்தியரை அப்படித்தான் அழைப்பார்கள். வெகுநேரம் நாடி பார்த்தார். தூக்கம், செரிமானம் எல்லாம் கேட்டார். பல மூலிகைகள் சேர்ந்த மாத்திரை கொடுத்தார். இந்தக் கிழங்கைப் பற்றிக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "என் நோயாளிகளுக்கே கிடைப்பதில்லை" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

'பாரம்பரிய வைத்தியம் என்றாலே உனக்கு இளக்காரம்' என்கிறார் ஒருவர். ஐயா, சோவா ரிக்பாவை இந்திய அரசு 2010-லேயே அங்கீகரித்துவிட்டது. நான் பேசுவது அந்த வைத்தியர்களுக்காகத்தான். நாடி பார்க்காமல், ஆள் யாரென்று தெரியாமல், கூரியரில் பொடி அனுப்புவது எந்தப் பாரம்பரியம்?

'ஆடு மாடு மேய்ந்தும் அழியுதே' என்கிறார்கள். அழிகிறதுதான். அதற்காக நீங்களும் தோண்டுவீர்களா? 'வளர்த்து விற்கலாமே' என்பது நல்ல கேள்வி, அதற்கான ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் வீடியோவில் மண் ஒட்டிய கிழங்கை உயர்த்திப் பிடித்து, 'காட்டுச் சரக்கு' என்பதைத்தானே விற்பவர் பெருமையாகச் சொல்கிறார்?

பதினெட்டாயிரம் அடி ஏறி எடுத்ததாம். ஏறியவர் கூலிக்காரர். அவருக்கு என்ன கிடைத்தது என்று வீடியோவுக்குக் கீழே ஒருவராவது கேட்டீர்களா? எல்லோரும் விலைதான் கேட்கிறீர்கள். என் நண்பர்கள் உட்பட. அதுதான் எனக்கு வலிக்கிறது.