பதவியில் ஏழே நாள் பாக்கி, அப்போது ஒரு கையெழுத்து

2017 ஜனவரி 13. ஒபாமா வெள்ளை மாளிகையைக் காலி செய்ய இன்னும் ஏழே நாள். அன்றைக்கு ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் நீதி அமைச்சகத்துக்குத் தலைவர் அட்டர்னி ஜெனரல். அவரும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களும் இல்லாமல் போனால் அமைச்சகத்தை யார் ஏற்பது என்ற வரிசையை அது மாற்றியது. புதிய வரிசையில் இருந்தவர்கள் தலைநகர் வாஷிங்டன், வடக்கு இல்லினாய், மத்திய கலிபோர்னியா, இந்த மூன்று மாவட்டங்களின் மத்திய அரசு வழக்கறிஞர்கள். ஏன் இந்த மூவர், ஏன் இப்போது? ஆணையில் காரணம் ஒரு வரிகூட இல்லை.

கையெழுத்துப் போட்ட பதினேழாவது நாளே அட்டர்னி ஜெனரல் நாற்காலி காலியானது. ஏழு நாட்டவர் அமெரிக்கா வர டிரம்ப் விதித்த பயணத் தடைக்காக நீதிமன்றத்தில் வாதாட மாட்டோம் என்றார் பொறுப்பு அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ். அன்றிரவே பதவி போயிற்று. வந்து உட்கார்ந்தவர் கிழக்கு வர்ஜீனியாவின் அரசு வழக்கறிஞர் டானா போயன்டே. ஒபாமாவின் பட்டியலில் அந்த மாவட்டமே இல்லை. பிப்ரவரி 9-இல் டிரம்ப் அந்த ஆணையை ரத்து செய்து கிழக்கு வர்ஜீனியாவை முதலில் வைத்தார். மார்ச் 31-இல் அதையும் மாற்றினார். மூன்று மாதம் முடிவதற்குள் மூன்று வரிசை!

ஒபாமா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் போகிற நேரத்தில் காரணம் சொல்லாமல் வரிசையை மாற்றியது தப்பு. யார் செய்தாலும் தப்பு.

1981 மார்ச் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ரீகன் குண்டடி பட்டு மருத்துவமனையில். துணை அதிபர் புஷ் விமானத்தில். வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் வெள்ளை மாளிகையில் செய்தியாளர்கள் முன் மூச்சிரைக்க வந்து நின்று, இங்கே பொறுப்பு என் கையில் என்றார். சட்டப்படி துணை அதிபருக்குப் பிறகு சபாநாயகர், செனட்டின் தற்காலிகத் தலைவர், அப்புறம்தான் அவர். 1947 முதல் அச்சில் இருக்கிற வரிசையிலேயே இந்தக் குழப்பம் என்றால், போன வாரம் மாற்றிய வரிசை யாருக்கு நினைவிருக்கும்?

ஆட்சி கைமாறும் நேரம்தான் ரொம்ப பலவீனமான நேரம். 2017 பதவியேற்பு அன்று, மேடையில் இருப்பவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று, மேடைக்கு வராமல் பத்திரமான இடத்தில் இருக்க வைக்கப்பட்டவர் ஜே ஜான்சன், விடைபெறும் ஆட்சியின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர். புதிய அமைச்சர்களை செனட் இன்னும் உறுதி செய்திருக்கவில்லை. இதை ஏற்கிறேன், காரணம் கண்ணுக்குத் தெரிகிறது.

ரீகனும் 1988 நவம்பர் 18-இல், தேர்தல் முடிந்த பத்தாவது நாள், நெருக்கடிக் காலத்தில் எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்ற முழுத் திட்டத்தையும் மாற்றி எழுதினார். ஆனால் வெளிப்படையாக அச்சிட்டார், வென்றவரும் அவருடைய துணை அதிபரே. பேரழிவு நேர்ந்தால் அரசு எப்படித் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று இளைய புஷ் 2007-இல் போட்ட உத்தரவோ வேறு ரகம். அதன் ரகசிய இணைப்புகளைப் பார்க்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையின் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவில் இருந்த பீட்டர் டிஃபாசியோ கேட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்கே முடியாது என்றார்கள். அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதுங்கு அறை எங்கே, எந்த விமானம் என்பதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். யாருக்குப் பின் யார் என்பதை மட்டும், தேர்தல் முடிந்து ஜனவரி 20 வரைக்கும் மாற்றினால், காரணத்தை எழுதி, வரப்போகிற அதிபரிடமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிடமும் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஒரு சின்னச் சட்டத் திருத்தம் போதும்.