ரொட்டியைத் தூக்கிக் காட்டிய ஐயாவுக்கு

அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் போசாக்கு பற்றிப் பேச வந்த ஐயா, ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ரொட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "சுற்றிலும் மரக்கறி விளைகிறது, இவர்கள் மாவைச் சுட்டுக் கொடுக்கிறார்கள், சமைக்கத் தெரிந்தால்தானே" என்கிறார். முன்வரிசை சிரிக்கிறது. அந்தப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தவளும் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்திருப்பாள். அவள் முகம் காணொளியில் இல்லை. இருந்திருந்தால் நம்மவர்கள் இத்தனை பேர் கைதட்டியிருப்பார்களா தெரியவில்லை.

மாவைப் பற்றிச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். சமைக்கத் தெரியாது என்றாரே, அதை விட முடியாது.

ஐயா, எங்கள் பெண்களுக்குத் தெரியும். லொறியில் ஏற்றும் முன் உரித்தெறியும் முட்டைக்கோவாவின் முரட்டு வெளி இலையைப் பொறுக்கிவந்து, நடு நரம்பைச் சீவி, நூலாக அரிந்து, பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் சேர்த்துச் சூட்டில் பிரட்டி இறக்கத் தெரியும். அரை நிமிடம் பிந்தினால் அது வாடை அடிக்கும் என்றும் தெரியும். முள்ளங்கி இலையில் உப்புப் பிசறிப் பிழிந்து கசப்பை எடுப்பார்கள். பீட்ரூட் இலையைத் தண்டோடு பருப்பில் போடுவார்கள். வேலியில் படரும் சௌசௌவின் கொழுந்தைக் கிள்ளிக் கீரையாக்குவார்கள். லீக்ஸில் வெள்ளைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பச்சையை வீசுகிறவர்களை என் அம்மா ஒரு பார்வை பார்ப்பார், அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். மடலுக்கு மடல் மண் இருக்கும் அந்தப் பச்சையைப் பொறுமையாகக் கழுவி, கருவாட்டுத் துண்டோடு வதக்கினால் வருகிற மணம் எந்த மண்டபத்திலும் வராது.

என் அத்தை பதினைந்து வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அந்த வீட்டில் விருந்தென்றால் அத்தையின் போஞ்சிப் பால்கறிதான் முதலில் தீரும். போஞ்சியைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் மெலிதாகச் சீவி, இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பால் விட்டதும் கொதிக்க விடாமல் இறக்குவார். வந்தவர்கள் பக்குவம் கேட்பார்கள். வீட்டு அம்மா, "எங்கள் பாட்டி காலத்துக் கறி" என்று சொல்லுவாராம். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். இதை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை. கொழும்பில் சமைத்தால் கைப்பக்குவம், அதே கை தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சமைத்தால் அறியாமை. நன்றாக இருக்கிறது நியாயம்.

தெரியாமல் அல்ல, ஐயா. விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் காப்பக மடுவத்தில் விட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகைக்குப் போகாது, 94க்குக் கிட்டவே கொதித்துவிடும். பருப்பும் கிழங்கும் கீழ்நாட்டைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், கூடுதல் விறகும் எடுக்கும். மழையில் நனைந்த விறகு என்றால் புகை வேறு. அந்த அடுப்பில் காலைக்கும் பகலுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சுட்டு எடுக்கக்கூடியது எது? மலைச்சரிவில் நின்றபடியே, கறி சிந்தாமல், ஆறிய தேத்தண்ணியோடு சாப்பிடக்கூடியது எது? ரொட்டி, அதற்கு மிளகாய் இடித்த கட்டச் சம்பல். இது ஒரு கணக்கு. கணக்குத் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு.

ரொட்டியை நாங்கள் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டி வரவுமில்லை. வந்தவர்கள் சோறு தின்றவர்கள். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்ற பிறகுதான் பங்கீட்டுக் கோதுமை மா இந்த நாட்டுச் சமையலறைகளில் கால் ஊன்றியது. பிறகு 1973, 74இல் அந்த மாவும் இல்லாமல் போனபோது தோட்டங்களில் மனிதர்கள் பசியால் செத்தார்கள். என் பாட்டி மரவள்ளிக்கிழங்கைக் கடைசிவரை தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அந்த வருடம் போதுமான அளவு தின்றாயிற்று" என்பார். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ரொட்டி என்பது கேலிப்பொருள் அல்ல.

"தோட்டப் பிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருப்பது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3, தோட்டப் பகுதியில் 31.7. இந்த எண்ணைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது. அதற்குத் தாயைக் கூட்டத்தில் வைத்துச் சிரிப்பதுதான் மருந்தா? மாவினால் நீரிழிவு வரும் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். வரும். சோறு தின்கிறவர்களுக்கும் வருகிறது.

"சுற்றிலும் மரக்கறிதானே" என்பதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. சுற்றிலும் இருப்பது எங்களுடையது என்று யார் சொன்னது? விளைந்தது இரவோடிரவாக லொறியில் ஏறி தம்புள்ளைச் சந்தைக்கும் கொழும்புக்கும் போகிறது. அங்கே விலை ஏறித் திரும்பி மலையேறும் கரட்டை எங்கள் நகரக் கடையில் நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் என்று நிறுத்து வாங்குகிறோம். தேங்காயோ இந்தக் குளிரில் காய்ப்பதே இல்லை. குருநாகல் பக்கமிருந்து வர வேண்டும். நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாயானது, 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு முறையும் அதற்கு எத்தனை போராட்டம் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கூலியில் தேங்காய் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. பால்கறி வையுங்கள் என்று சொல்வது சுலபம்.

நாங்களே நட்டுப் பார்க்கவில்லையா? லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் அப்பா போஞ்சி போட்டார். கொடி ஏறிப் பூ வைத்திருந்தது. தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, அனுமதி இல்லாத பயிர் என்று கம்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார். அப்பா ஒரு சொல் பேசவில்லை. பேசினால் லயக் காம்பராவுக்கும் கேள்வி வரும். இருநூறு வருடமாக இந்த மலையைத் திருத்திய சனத்துக்கு இன்றைக்கும் ஒரு சிறு துண்டுக் காணி கொடுப்பதற்கே விழா எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அந்தத் துண்டில் வீட்டைக் கட்டிய பிறகு போஞ்சியை எங்கே ஊன்றுவது, கூரையிலா? போசாக்கு வகுப்பு எடுக்க அவ்வளவு ஆசையாக இருந்தால், ஐயா, அதை முதலில் தோட்ட அலுவலகத்தில் எடுங்கள். பெட்டியைத் திறந்து தூக்கிக் காட்ட அங்கே நிறைய இருக்கிறது.

கீழே வந்து "குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி சுடலாமே" என்று எழுதப்போகிற அன்பர்கள், குரக்கன் மா ஒரு கிலோ என்ன விலை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.