அந்த 'டு' ஒன்று இல்லை, இரண்டு!

ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல், அதில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதி அனுப்பினேன். 'மீட் இல்லை, மீட்டிங்' என்று திருத்தம் வந்தது. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோங்க." பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை இதே பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

'டு' வந்தால் வினையை அப்படியே போடு என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? வாண்ட் டு கோ, ட்ரை டு ரீட், ஹோப் டு வின். சரி, அதை நம்பித்தானே 'மீட்' போட்டேன்! ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு வேலை பார்க்கும் 'டு' இருக்கிறது என்று ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள் சொல்லியிருக்கக் கூடாதா? ஒன்று இன்ஃபினிடிவ் 'டு', நம்முடைய 'போக', 'படிக்க' என்ற சொற்களின் கடைசியில் இருக்கும் 'அ' பார்க்கிற வேலையைப் பார்ப்பது. இன்னொன்று ப்ரெபொசிஷன், நம் 'கு' உருபு மாதிரி. 'கு' பெயரோடுதான் ஒட்டும், 'சந்தி' என்ற வினையோடு ஒட்டாது, அதனால்தான் 'சந்திப்பதற்கு' என்று வினையைப் பெயராக்கி ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பெயராக்கும் வேலையை 'இங்' செய்கிறது, அவ்வளவுதான் விஷயம். சந்தேகம் வந்தால் 'டு'வுக்கு அப்புறம் 'இட்' வைத்துப் பார்க்கலாம். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, அப்போ 'மீட்டிங்'. 'ஹோப் டு இட்' நிற்காது, அப்போ 'வின்'. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

'ஐ யூஸ்டு டு டிரைவ்' என்றால் முன்பெல்லாம் ஓட்டுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகிவிட்டது. 'ஸ்டாப்டு டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றார், 'ஸ்டாப்டு டாக்கிங்' என்றால் பேச்சையே நிறுத்தினார். அர்த்தம் தலைகீழாகிறது! இதையும் போய் பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் போட்டு ஒப்பிக்கச் சொன்னால் கோபம் வராதா? அப்புறம் 'மேட் மீ வெயிட்' என்பதில் 'டு' கிடையாது, அதையே செயப்பாட்டுவினையாக்கினால் 'வாஸ் மேட் டு வெயிட்' என்று எங்கிருந்தோ வந்து நிற்கும். அதற்கும் விளக்கம் கிடையாது, மதிப்பெண் மட்டும் குறையும்.

'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் சிவப்பு மை. நாம் ஏன் அப்படி எழுதுகிறோம்? 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று யோசிக்கிறோம், அதனால் 'பற்றி'யும் கூடவே வருகிறது. 'பாட்டைக் கேள்' என்பதில் 'கு' இல்லாததால் 'லிசன்' பக்கத்தில் 'டு'வை விட்டுவிடுகிறோம். 'எனக்குச் சொல்', 'எனக்கு விளக்கு' இரண்டிலும் ஒரே 'எனக்கு'தான், ஆங்கிலத்தில் மட்டும் 'டெல் மீ', 'எக்ஸ்ப்ளெயின் டு மீ'. தப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டினால் நாமே திருத்திக்கொள்வோமே, சுழித்துவிட்டுப் போவதற்குப் பெயர் கற்பித்தலா?

இதில் ரொம்ப வயிற்றெரிச்சல் எது தெரியுமா? இன்ஃபினிடிவ் 'டு'வும் ஆதியில் ப்ரெபொசிஷன்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் வரும் வினை, நான்காம் வேற்றுமை விகுதி ஏற்று வரும், கிட்டத்தட்ட நம் 'செய்வதற்கு' போலவே. கேன், மஸ்ட் இரண்டும் 'டு' இல்லாத பழைய வடிவத்தோடே சேர்ந்து வந்தவை, அதனால்தான் இன்றைக்கும் 'மஸ்ட் டு கோ' தப்பு. எவ்வளவு அழகான சங்கதி! இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடமும், ஒரு மின்னஞ்சலில் பட்ட அவமானமும் தேவைப்பட்டிருக்கிறது.