ஆண் தேனீயையும் சேர்த்து எழுதுங்கள்
பூச்சிகளில் பெண்ணே அதிக நாள் வாழும் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தேனீயைக் கொஞ்சம் பாருங்கள். ராணியும் பெண், வேலைக்காரத் தேனீயும் பெண். ராணி 2, 3 வருடம் இருக்கும். பூ நிறைந்த காலத்தில் ஓடி ஓடி உழைக்கும் வேலைக்காரத் தேனீ 6 வாரம் தாண்டுவதே அரிது. முட்டை ஒரே மாதிரிதான், புழுவாக இருக்கும்போது கிடைக்கும் தீனிதான் வேறு. சரி, ஆண்? பறந்தபடியே ராணியுடன் சேர்ந்ததும் உறுப்பு அறுந்து செத்து விழும். சேராத ஆணுக்கும் பஞ்ச காலத்தில் கூட்டில் இடமில்லை. எங்கள் தேனீப் பெட்டி வாசலில் இரண்டு வேலைக்காரத் தேனீக்கள் ஒரு ஆணின் இறக்கையைக் கடித்து வெளியே இழுத்ததைப் பார்த்தேன். அது திரும்பத் திரும்ப உள்ளே நுழையப் பார்த்தது. கொட்டக் கொடுக்கும் கிடையாது, பாவம். மறுநாள் காலையில் பெட்டிக்கு அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது.