ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா? – ஸ்டாக்கர் 2 வாங்குவது குறித்து

பொங்கல் விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த அக்கா மகன், உறவினர் வீடுகளில் கிடைத்த பொங்கல் காசை எண்ணி முடித்துவிட்டு, கைப்பேசியில் ஒரு கணினி விளையாட்டின் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினான். ‘ஸ்டாக்கர் 2: ஹார்ட் ஆஃப் சோர்னோபில்’. “மாமா, பதினாலு வருசமாச் செஞ்சிருக்காங்களாம். அவ்வளவு நாள் எடுத்துச் செஞ்சா நல்லாத்தான இருக்கும்? வாங்கிரவா?” என்றான். அவனுக்கு அன்று நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன், ஏனெனில் இதே கேள்வியை என்னிடம் கேட்ட நான்காவது ஆள் அவன்.

முதலில், பதினாலு வருடம் செய்தார்கள் என்பதே சரியில்லை. உக்ரைனின் கீவ் நகரைச் சேர்ந்த ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு நிறுவனம் இந்த விளையாட்டை 2010 ஆகஸ்டில் அறிவித்து 2012இல் தருவதாகச் சொன்னது. ஆனால் 2011 முடிவதற்குள் நிறுவனமே கதவைச் சாத்திவிட்டது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்தவர்கள், 2018 மே மாதத்தில்தான் இதைப் புதிதாக அறிவித்தார்கள். கட்டடம் பாதியில் நின்ற வருடங்களையும் சேர்த்துக் கொத்தனாருக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறவர் எவரும் இல்லை. காத்திருப்பைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவும் வேண்டியதில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய பிறகு நாமும் வருடக்கணக்கில் நாட்காட்டியைக் கிழித்தவர்கள்தான்.

இரண்டாவதாக, தாமதம் என்பது ஒரே சரக்கு இல்லை. ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ என்ற விளையாட்டு 1997இல் அறிவிக்கப்பட்டு 2011 ஜூனில் வந்தது. அதன் தாமதத்துக்குப் போரோ வெள்ளமோ காரணமில்லை. குவேக் 2 எஞ்சினில், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளில், தொடங்கிய வேலையை அடுத்த ஆண்டே அன்ரியல் எஞ்சினுக்கு மாற்றினார்கள். அதன் பிறகும் சந்தையில் புதிதாக எது வந்தாலும் அதைப் போலவே தங்களுடையதும் இருக்க வேண்டும் என்று கலைத்துக் கலைத்துக் கட்டினார்கள். 2009இல் பணம் தீர்ந்து குழுவே கலைந்த பிறகு, கியர்பாக்ஸ் நிறுவனம் எடுத்து முடித்தது. முந்தைய விளையாட்டில் நாயகன் டியூக் ஒரு ஆயுதக் கிடங்கையே முதுகில் சுமந்து திரிவான். புதியவன் கையில் இரண்டே துப்பாக்கிகள், ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் மற்ற விளையாட்டுகளில் அதுதான் வழக்கமாகிவிட்டது. மறுபக்கம், 2003 செப்டம்பர் 30 அன்று வரும் என்று சொல்லப்பட்ட ‘ஹாஃப் லைஃப் 2’, மூலநிரல் இணையத்தில் கசிந்த அவமானத்தையும் தாண்டி 2004 நவம்பரில்தான் வந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஆகச் சிறந்தவற்றைப் பட்டியலிடுவோர் இன்றும் அதைத் தவிர்ப்பதில்லை. ஆகவே எத்தனை வருடம் என்பதை விட்டுவிட்டு, அந்த வருடங்கள் எப்படிப் போயின என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டாக்கர் 2இன் வருடங்கள் போன விதம் வேறு. 2022 ஏப்ரல் 28 என்று தேதி குறித்திருந்தார்கள். அந்த ஜனவரியிலேயே அதை டிசம்பருக்குத் தள்ளினார்கள். பிப்ரவரி 24 அன்று அவர்கள் நாட்டின் மீது ரஷ்யா முழுப் போரைத் தொடுத்தது. பணியாளர்களில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு செக் நாட்டின் பிராக் நகருக்கு இடம்பெயர்ந்தார்கள், சிலர் ஊரிலேயே இருந்து குண்டுவீச்சுக்கு நடுவே வேலை பார்த்தார்கள், சிலர் படையில் சேர்ந்தார்கள். தொடரின் முந்தைய பாகங்களில் ஒன்றான ‘கிளியர் ஸ்கை’யில் பணியாற்றிய வொலொதிமிர் யெஷோவ் அந்த ஆண்டு டிசம்பரில் பாக்முட் அருகே போரில் உயிரிழந்தார். தேதி 2023க்கும், பிறகு 2024க்கும், அதிலும் செப்டம்பர் 5க்கும் நகர்ந்து, கடைசியில் 2024 நவம்பர் 20 அன்று விளையாட்டு வெளிவந்தது.

இந்தக் கதையைக் கேட்டு இளகாதவர் இருக்க முடியாது, நானும் இளகினேன். ஆனால் நம் பக்கத்து வழக்கில் சொன்னால், மொய் எழுதுவது வேறு, சரக்கு வாங்குவது வேறு. அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்து முதல் நாளே வாங்கியவர்களை நான் மதிக்கிறேன், அது மொய். ஆனால் மொய் எழுதிய காரணத்துக்காகப் பந்தியில் சோறு வெந்திருந்தது என்று ஊரெல்லாம் சொல்லக் கூடாது. அன்று சோறு வேகவில்லை.

எனக்கு இதில் ஒரு பழைய கடனும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2007இல் வெளிவந்த முதல் பாகத்தை நான் முறையாகக் காசு கொடுத்து வாங்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற டிவிடியில்தான் விளையாடினேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஆபத்துகள் வழியெங்கும் இருப்பதால், கையில் ஒரு போல்ட்டை எடுத்து எறிந்து, அது விழும் இடத்தில் காற்று நெளிகிறதா, பொறி பறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே ஓர் அடி எடுத்து வைக்கும் விளையாட்டு அது. துப்பாக்கியை விட அந்தத் துருப்பிடித்த போல்ட்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. 2012இல் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் நாம் கிடந்த நாட்களில் பழைய தொடரின் மூன்றாம் பாகத்தை விளையாடினேன். விளையாட்டுக்குள் வானம் சிவந்து எச்சரிக்கை ஒலித்தால் ஒதுங்க இடம் தேடி ஓட வேண்டும், விளையாட்டுக்கு வெளியே யுபிஎஸ் கத்தத் தொடங்கினால் மூன்று நிமிடத்துக்குள் சேவ் செய்தாக வேண்டும். எந்தச் சத்தம் எதனுடையது என்று சில நேரம் குழம்பியும் இருக்கிறேன்.

அந்த முதல் பாகத்தின் உயிர்நாடி ‘ஏ-லைஃப்’ என்று அவர்கள் பெயரிட்டிருந்த ஏற்பாடு. நாம் பார்க்காத இடத்திலும் மனிதர்களும் மிருகங்களும் தம்பாட்டுக்கு அலைந்து, இரை தேடி, ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருப்பார்கள். நாம் போய்ச் சேரும்போது சண்டை முடிந்து பிணங்கள் மட்டும் கிடக்கலாம். உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை என்ற உணர்வு அதிலிருந்து வந்தது. ஸ்டாக்கர் 2 வெளிவந்த முதல் வாரத்தில் திருநகரில் நண்பர் வீட்டில் அதை உட்கார்ந்து பார்த்தேன். வெட்டவெளி, சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை, இரண்டு நாய்களைச் சுட்டுவிட்டுத் திரும்பினால் இருபதடி தூரத்தில் நான்கு கொள்ளையர்கள் நிற்கிறார்கள். நடந்து வந்தவர்கள் இல்லை, முளைத்தவர்கள். வேகம் குறையாமல் இருப்பதற்காக வீரனைச் சுற்றி உலகம் உயிரோடு இயங்கும் பரப்பைச் சுருக்கியிருந்ததும், அதோடு சேர்ந்த கோளாறுகளும்தான் காரணம் என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. இது ஏதோ ஒரு சுவரில் கால் புதைகிற சில்லறைப் பிழை இல்லை. குழம்பில் புளியே போடாமல் இறக்கியது போன்ற குறை.

அதே சமயம், அவர்கள் கையைக் கழுவிவிட்டுப் போகவில்லை. பத்து நாட்களுக்குள் பிழைகளைத் திருத்தும் ஒரு பெரிய பேட்ச், டிசம்பர் நடுவில் 1,800க்கும் மேற்பட்ட திருத்தங்களோடு இன்னொன்று, அதன் பிறகும் வரிசையாகப் பல என்று ஓராண்டு முழுவதும் உழைத்தார்கள். 2025 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்துவிட்டது. இந்தப் பொங்கலுக்கு மறுநாள் அதே நண்பர் வீட்டில், அதே கணினியில், மறுபடியும் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாரும் முளைக்கவில்லை. தூரத்தில் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தைத் தேடிப் போனபோது அங்கே உண்மையாகவே இரு கூட்டங்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. முகங்களின் அசைவு இன்னும் மரப்பாச்சித்தனமாகவே இருக்கிறது, எதிரிகள் புதருக்குள்ளிருந்தும் நம்மைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் மழை பெய்து ஓய்ந்த ஒரு சதுப்பு நிலத்தில், மாலை வெயிலில், போல்ட்டை எறிந்து எறிந்து நடந்த பத்து நிமிடத்துக்காக மட்டுமே நான் காசு கொடுப்பேன். ஆக்குவதற்குப் பதினாலு வருடம் பொறுத்தவன் ஆறுவதற்கு ஒரு வருடம் பொறுத்ததில் எனக்கு நட்டமில்லை.

ஆனால் நான் வாங்கலாம் என்பதால் மருமகனும் வாங்கலாம் என்றாகிவிடாது. குறைந்தபட்சத் தேவையே 16 ஜிபி ரேம், ஆறு ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டியில் ஏறத்தாழ 160 ஜிபி இடம். நிறைவாக ஓட வேண்டுமென்றால் 32 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 3070 டிஐயும் வேண்டும் என்கிறார்கள். அவனுடைய மடிக்கணினியில் இருப்பது 8 ஜிபி ரேம். எங்கள் வீட்டு இணைப்பில் நொடிக்கு 40 மெகாபிட் கிடைத்தாலும் 160 ஜிபியை இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவனுடைய விடுதி இணையத்தில் எத்தனை நாள் ஆகும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். பிடிக்கவில்லையென்றால், வாங்கும் இணையக் கடையான ஸ்டீமில் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றான். வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் இந்த விளையாட்டு திறந்தவுடன் ஷேடர்கள் எனப்படும், ஒளியையும் நிழலையும் தீட்டும் சிறு நிரல்களைத் தொகுப்பதற்காக நம்மைக் காக்கவைக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில்தான் கழியும், மிச்சத்தில் முன்கதை முடிந்து மூச்சு விடுவதற்குள் கெடு தீர்ந்துவிடும். சித்திரை மாத வெயிலில், மாடி அறையில், அந்த மடிக்கணினி என்ன பாடுபடும் என்பதை நான் சொல்லவே இல்லை, அக்காவே சொல்லிவிட்டார்.

நல்ல கணினி வைத்திருந்து, மெதுவாக நடக்கும் விளையாட்டில் பொறுமை உள்ளவர்கள், தள்ளுபடி வரும்போது தயங்காமல் வாங்கலாம். ஓடிக்கொண்டே சுட வேண்டும், அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிய வேண்டும் என்பவர்களுக்கு இது பாதி விலைக்கும் ஆகாது. மைக்ரோசாஃப்டின் விளையாட்டுச் சந்தாவான கேம் பாஸை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வெளியான அன்றே அதில் சேர்த்திருந்தார்கள்.

அவனுக்கு 2007இன் முதல் பாகத்தை, இந்த முறை முறையாகக் காசு கொடுத்து, நானே வாங்கிக் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் டவுன்லோடு முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்து தொடங்கியவன், கால் மணி நேரத்தில் ஒரு பாலத்தடியில் நின்றுகொண்டு, “மாமா, இந்த போல்ட்டு எதுக்கு?” என்று கேட்டான்.